நகச்சுத்தி வருவது அழுக்காலா, ஈரத்தாலா?

எங்கள் பக்கம் யாருக்காவது விரல் நுனி வீங்கி, நகத்தைச் சுற்றிச் சிவந்து, ராத்திரி முழுக்க விண் விண் என்று தெறித்தால் முதலில் வருகிற வைத்தியம் எலுமிச்சம்பழம். இரண்டாவதாக வருவது "கையைச் சுத்தமா வெச்சிருந்தா இதெல்லாம் வருமா?" என்கிற பேச்சு. பழத்தைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். எனக்கு ரொம்ப நாளாக உறுத்துவது அந்தப் பேச்சுதான். ஏனென்றால் என் அம்மா கோத்தகிரிப் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர், சுத்தம் என்றால் அவருக்கு ஒரு வெறி. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பழைய பல் பிரஷ்ஷை எடுத்து, துணி சோப்பைப் போட்டு, விரல் விரலாகத் தேய் தேய் என்று தேய்த்து, அதுவும் போதாமல் ஊக்கை எடுத்து நகத்தடியில் குடைந்து கறையை எடுப்பார். வருடா வருடம் நகச்சுத்தி வந்தது அவருக்குத்தான். பக்கத்து லைன் வீட்டில் கறை விரலோடு சோறு சாப்பிட்ட அத்தைக்கு நான் பார்த்தவரை ஒரு தடவைகூட வரவில்லை.

அந்தக் கறை அழுக்கே இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கொழுந்தைக் கிள்ளும்போது கசிகிற சாறு காற்றுப் பட்டுக் கறுக்கிறது, அவ்வளவுதான். ஃபேக்டரியில் பச்சை இலை கறுப்புத் தேயிலை ஆவதும் இதே வேலைதான். அம்மா தேய்த்தது பாதி தேயிலையை, பாதி தன் தோலை.

நான் மருத்துவர் இல்லை. பார்மசி படித்துவிட்டு மலையில் ஒரு மெடிக்கலில் நிற்கிறவன். மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேராவது விரலைத் தூக்கிக் காட்டி "தம்பி, இதுக்கு ஒரு மாத்திரை குடுப்பா" என்று கேட்கிற இடம் அது. அங்கே நின்று பார்த்ததையும், படித்ததையும், தோல் மருத்துவர்கள் சொல்லிக் கேட்டதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கட்டைவிரலைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பாருங்கள். நகத்தின் அடிப்பக்கம் தோல் மடிந்து நகத்தின் மேல் ஏறுகிற இடத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மெல்லிய சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கும். க்யூட்டிகிள் என்பார்கள். அழகு நிலையத்தில் நகத்தை அழகாக்குகிறேன் என்று முதலில் தள்ளி நறுக்குவது இதைத்தான். ஜன்னல் கண்ணாடி ஓரத்தில் தண்ணீர் இறங்காமல் இருக்க ஆசாரி மக்கு வைப்பாரே, அந்த வேலையைத்தான் இது செய்கிறது. அந்த மடிப்புக்கு அடியில் ஒரு சின்னப் பை மாதிரி இடம் இருக்கிறது, அதன் உள்கோடியில்தான் நகம் முளைக்கிறது. மேலே இருக்கிற ஒட்டு போய்விட்டால் அந்தப் பைக்குள் தண்ணீர் போகும், சோப்புத் தண்ணீர் போகும், மண் போகும். போனது லேசில் வெளியே வராது, காயவும் காயாது. நகக்கண் ஓரத்தில் பிய்ந்து நிற்கிற தோலைப் பல்லால் கடித்து இழுத்தால் அங்கேயும் இதே கதைதான், வேறொரு வாசல் திறக்கிறது.

கிருமி வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்று இல்லை. இதில் முக்கால்வாசி நேரம் மாட்டிக்கொள்கிற ஸ்டஃபைலோகாக்கஸ் என்கிற பாக்டீரியா பத்தில் மூன்று பேர் மூக்குக்குள்ளேயே சும்மா குடியிருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் அது திரும்ப வரும். ஆகவே கிருமியைத் துரத்திக்கொண்டு ஓடுவதைவிட அந்த ஒட்டைக் காப்பாற்றுவது சுலபம். ஒட்டு எதனால் போகிறது என்று பார்த்தால்தான் இந்த மலையின் கதை வருகிறது.

தோல் தண்ணீரில் ஊறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒரு தடவை என்றால் ஒன்றும் ஆகாது. ஒரு நாளைக்கு இருபது தடவை உப்பி இருபது தடவை சுருங்கினால், நகம் அதே மாதிரி உப்பிச் சுருங்காது என்பதால், இரண்டும் சேருகிற இடம்தான் விட்டுப்போகும். அதோடு சோப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நம் தோல் இயல்பில் லேசான புளிப்புத்தன்மை கொண்டது, பிஎச் 5-ஐ ஒட்டி இருக்கும். துணி சோப்பு அதற்கு நேர் எதிர், பிஎச் 9, 10 என்று காரப் பக்கம் நிற்கிறது. தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசையை அது வழித்துக்கொண்டு போய்விடும், தோல் வறண்டு வெடிக்கும். மேலே தெரிகிற வெடிப்புக்கு நாம் எதையாவது தடவுகிறோம், நகமடிப்பில் விட்ட ஒட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை.

நீலகிரியில் இதற்கு ஒரே சீசன் இல்லை. கூடலூர், பந்தலூர், தேவாலாப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் ஆனி, ஆடி முழுக்க நனைந்தபடியே வேலை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இடுப்பில் பிளாஸ்டிக் சீட்டைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் சொட்டுகிற செடிக்குள் எட்டு மணி நேரம் கையை விட்டு எடுத்தால் விரல் என்ன ஆகும்? மழை முடிந்தால் சரியாகிவிடும் என்று பார்த்தால் மார்கழி, தை வந்துவிடுகிறது. ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிகிற நாட்கள் அவை, காற்றில் ஈரமே இருக்காது, ஊறி ஊறி நொந்த தோல் இப்போது காய்ந்து வெடிக்கும். சமவெளியில் இருக்கிறவர்களுக்கு ஈரம் ஒரு தொந்தரவு, வறட்சி ஒரு தொந்தரவு. நமக்கு இரண்டும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வந்து அதே இடத்தில் அடிக்கிறது.

கேரட்காரர்கள் பாடு இன்னும் மோசம். மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக விடிவதற்கு முன்பே அறுவடை தொடங்கிவிடும். கழுவுவதற்கு இப்போது மெஷின் இருக்கிறது என்றாலும் கொட்டுவது, பொறுக்குவது, தரம் பிரிப்பது எல்லாம் கைதான், தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், கூடவே மணல் நகமடிப்பில் உரசும். மரத்துப்போன விரலில் கீறல் பட்டால் வலியே தெரியாது என்பது இதில் பெரிய சிக்கல். பூண்டு உரிக்கிறவர்கள் தனி. பூண்டுச் சாறே தோலை அரிக்கக்கூடியது, பூண்டைப் பிடிக்கிற கையின் விரல் நுனிகள் உரிந்து வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏப்ரல், மே சீசனில் ஊட்டி ஹோட்டல்களில் பாத்திரம் கழுவுகிறவர்களையும் இதே வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வேலைகளில் எதிலுமே அழுக்கான ஆள் என்று யாரும் கிடையாது, எல்லோருமே நாள் முழுக்கத் தண்ணீரில் இருப்பவர்கள்.

சரி, எல்லா நகச்சுத்தியும் ஒன்று இல்லை, இதைப் பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் மருந்து தேடினால் காசுதான் போகும். ஒன்று திடீரென்று வருவது. நேற்று ஒன்றுமில்லை, இன்றைக்கு ஒரு விரலில் ஒரு பக்கம் சிவந்து சூடாகி, நாளைக்கு மஞ்சளாகச் சீழ் கோத்து நிற்கும். ஊக்கால் குத்தியது, தோலைப் பிய்த்தது, செடியின் சிராய் ஏறியது, நகத்தை ஒட்ட வெட்டியது என்று ஏதோ ஒரு சின்னக் காயம் பின்னால் இருக்கும். இது பாக்டீரியா வேலை.

இன்னொன்று மெதுவாக வந்து உட்கார்ந்துகொள்வது. இரண்டு மூன்று விரலில் நகமடிப்பு உப்பி, தடித்து, க்யூட்டிகிள் இருந்த சுவடே இல்லாமல், அமுக்கினால் மந்தமாக வலிக்கும். சீழ் பெரும்பாலும் இருக்காது. நகம் குறுக்கே வரி வரியாக மேடு பள்ளமாக வளரும். ஆறு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் நாள்பட்டது என்று கணக்கு. இதைப் பல வருடமாகப் பூஞ்சை நோய் என்றே நினைத்து மாதக்கணக்கில் பூஞ்சை மாத்திரை கொடுத்தார்கள், ஏனென்றால் அந்த ஈரப் பையில் சுரண்டிப் பார்த்தால் கேண்டிடா என்கிற ஈஸ்ட் பூஞ்சை கிடைக்கும். 2002-இல் இத்தாலியத் தோல் மருத்துவர்கள் 45 பேரை மூன்றாகப் பிரித்து, இரண்டு பிரிவுக்குப் பூஞ்சை மாத்திரையும் ஒரு பிரிவுக்கு அழற்சியைத் தணிக்கிற ஸ்டீராய்டு களிம்பும் கொடுத்துப் பார்த்தார்கள். களிம்பு போட்டவர்களுக்குத்தான் நன்றாகக் குணமானது. அதாவது அடிப்படையில் இது தண்ணீராலும் சோப்பாலும் தோல் புண்பட்டு வருகிற அழற்சி, பூஞ்சை பெரும்பாலும் காலியான வீட்டில் வந்து குந்திக்கொண்ட ஆள்.

இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டு களிம்பைக் கேட்டு யாரும் மெடிக்கலுக்கு ஓட வேண்டாம். சீழ் இருக்கிற விரலில் அதைப் போட்டால் நிலைமை மோசமாகும், எது எந்த வகை என்று பார்த்துச் சொல்ல மருத்துவர் வேண்டும். நான் சொல்ல வருவது, நாள்பட்ட வகைக்கு எந்தக் களிம்பு போட்டாலும் ஈரம் நிற்காதவரை அது நிற்காது என்பதைத்தான்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அபூர்வம்தான், ஆனாலும் ஏமாற்றும். சீழுக்குப் பதிலாகக் கண்ணாடி மாதிரி நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக வந்து எரிந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம், வாயோரம் கொப்புளம் வந்திருக்கும்போது நகம் கடிக்கிற பிள்ளைகளுக்கு இப்படி வரும். அதைக் கீறக்கூடாது. அப்புறம் குளிர்காலத்தில் விரல் செக்கச்செவேல் என்றோ ஊதா நிறத்திலோ வீங்கி, அடுப்புப் பக்கம் போனதும் அரிப்பெடுத்தால் அது நகச்சுத்தியே இல்லை, குளிரால் வருகிற வீக்கம், அதற்குக் கையைக் கதகதப்பாக மூடி வைப்பதுதான் வழி. நகம் பச்சையாக மாறினால் பயந்துபோய் வருவார்கள். எப்போதும் ஈரமாக இருக்கிற நகத்தடியில் சூடோமோனாஸ் என்கிற பாக்டீரியா விட்ட நிறம் அது, வலிகூட இருக்காது.

இப்போது எலுமிச்சம்பழம். பழத்தில் ஓட்டை போட்டு விரலைச் செருகிக்கொண்டு, விருதுக் கோப்பை மாதிரி கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். பாட்டிகள் முட்டாள்கள் இல்லை, இதனால் குணமாவது போலத் தோன்றுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. பழத்தை மாட்டிய விரலால் ஒரு வேலையும் செய்ய முடியாது, ஆக விரலுக்கு ஓய்வு கிடைக்கிறது. கையைத் தூக்கி வைத்திருப்பதால் தெறிப்பு குறைகிறது. பழத்தின் குளிர்ச்சி கொஞ்சம் இதம். இதெல்லாம் நடப்பதற்குள் இரண்டு மூன்று நாள் ஓடி, சீழ் தானே பழுத்து உடைந்து வலி போய்விடும், பேர் பழத்துக்குக் கிடைக்கும். பழத்தின் தவறு என்னவென்றால், ஏற்கெனவே ஊறி விட்டுப்போன தோலை மணிக்கணக்கில் மறுபடி ஊறப்போடுகிறது, அதுவும் வெடித்த தோலில் நல்ல புளிப்பில். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவதைப் பற்றி எனக்கு இவ்வளவு இரக்கம் கிடையாது. சுண்ணாம்பு கடுமையான காரம், புண்ணை வேகவைக்கும். மஞ்சளோடு சேர்ந்து சிவப்பாக மாறுவதைப் பார்த்து "மருந்து இழுக்குது" என்று சொல்வார்கள், மஞ்சளில் எந்தக் காரத்தைக் கலந்தாலும் சிவக்கும், ஆரத்தித் தட்டில் நடப்பதும் அதுதான்.

ஆரம்பத்திலேயே, சீழ் கோக்கும் முன்பே, உண்மையில் உதவுவது வெந்நீர். கை பொறுக்கிற சூட்டில், ஒரு தடவைக்குப் பதினைந்து இருபது நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை விரலை வைத்து எடுத்துவிட்டு நன்றாகத் துடைத்துக் காயவிட வேண்டும். ஈரம்தான் எதிரி என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு வெந்நீரில் வை என்கிறானே என்று தோன்றும். இது அந்த இரண்டு மூன்று நாளுக்கு மட்டும், ரத்த ஓட்டத்தைக் கூட்டி, சீழ் இருந்தால் வெளியே வர வழி செய்வதற்கு. நாள்பட்ட வகைக்கு இது ஆகாது. சீழ் கோத்துவிட்டால் மருத்துவர் நகமடிப்பை லேசாகத் தூக்கி வெளியேற்றிவிடுவார், நிமிடக் கணக்கில் முடிகிற வேலை, எழுந்து வரும்போதே பாதி வலி போயிருக்கும். பழைய மாத்திரை அட்டையில் மிச்சம் இருந்த ஆண்டிபயாட்டிக் இரண்டை விழுங்கிவிட்டு, வலி குறைந்ததும் நிறுத்துகிறவர்கள்தான் எங்கள் கடைக்கு இரண்டாவது தடவை வருகிறார்கள். நெருப்பில் காட்டிய ஊசியால் வீட்டிலேயே குத்திக்கொள்வதும் வேண்டாம், விரல் நுனிச் சதைக்குள் கிருமியைத் தள்ளிவிட்டால் அது வேறு பெரிய கதை.

வராமல் பார்த்துக்கொள்வதற்கு எல்லோரும் சொல்வது கையுறை. சொல்வது சுலபம். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு இரண்டு இலை ஒரு மொட்டு என்று விரல் நுனியில் உணர்ந்து கிள்ள முடியாது, கத்தரி பிடிக்கிறவர்கள், கவாத்துக்குப் போகிறவர்கள் வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம். பாத்திரம் கழுவ, கேரட் பொறுக்க கையுறை சரி, ஆனால் வெறும் ரப்பருக்குள் கை வேர்த்து அதே ஊறல்தான் நடக்கும். உள்ளே ஒரு மெல்லிய பருத்திக் கையுறை, மேலே ரப்பர், உள்ளே தண்ணீர் போய்விட்டால் உடனே கழற்றிவிட வேண்டும். தண்ணீர் புகுந்த கையுறையோடு வேலை செய்வதைவிட வெறுங்கையே மேல்.

கையுறை போட முடியாதவர்களுக்கு எண்ணெய்தான் கையுறை. வேலைக்குப் போகும் முன் நகமடிப்பைச் சுற்றி வாசலினோ தேங்காய் எண்ணெயோ அழுத்தித் தடவினால் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. ஊட்டிக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாகக் கிடக்கும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதை ஒரு வாயகன்ற டப்பாவில் மாற்றி வைத்துக்கொண்டால் வழித்துப் பூசிக்கொள்ளலாம், உறைந்த எண்ணெய் களிம்பு மாதிரி நன்றாகவே ஒட்டும். வேலை முடிந்ததும் மண் போகக் கழுவினால் போதும், கறை போக வேண்டாம். குளிக்கிற சோப்பு கொஞ்சம், துணி சோப்பு வேண்டவே வேண்டாம். கழுவியதும் புடவை முந்தானையில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போகாமல் விரல் விரலாக, நகமடிப்பு வரை துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி எண்ணெய். இரண்டு நிமிட வேலை. அம்மாவை இதற்குச் சம்மதிக்க வைக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. கறையோடு சோறு பிசைவது அவருக்கு அருவருப்பு, கடைசியில் ஸ்பூன் வாங்கிக் கொடுத்துத்தான் சமாதானம்.

நகம் வெட்டுவதிலும் ஒரு பேராசை உண்டு. ஒட்ட ஒட்ட வெட்டினால் பத்து நாள் நிம்மதி என்று சதை தெரிய வெட்டக்கூடாது, வெள்ளை விளிம்பு ஒரு நூல் அளவு நிற்கட்டும். பிய்ந்து நிற்கிற தோலை இழுக்காமல் நகவெட்டியால் அடியோடு நறுக்கிவிடுங்கள். ஒரே நகவெட்டியை வீடு முழுக்கப் பயன்படுத்தினால் அடுத்தவர் எடுக்கும் முன் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து வைக்கலாம்.

காலுக்கு வருவோம். இங்கே பிரச்சினை கம்பூட்ஸ். அட்டைக்கும் சேற்றுக்கும் அது இல்லாமல் முடியாது, ஆனால் மேலே மழை, உள்ளே வேர்வை, காலையில் போட்டால் சாயங்காலம் கழற்றும்போது கால் வெளுத்துச் சுருங்கி வேறு யாருடையதோ மாதிரி இருக்கும். சாக்ஸ் மழைக்காலத்தில் நான்கு நாள் கொடியில் கிடந்தாலும் காயாது, அரைகுறையாகக் காய்ந்ததையே மறுபடி போடுவது. மூன்று ஜோடியாவது வைத்துக்கொண்டு, அடுப்புச் சூட்டில் தள்ளித் தொங்கவிட்டு மாற்றி மாற்றிப் போடுவதும், ராத்திரி பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைப்பதும் செலவில்லாத வழிகள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஷூவுக்கும் இது பொருந்தும். ஒரு அளவு சின்னதான ஷூவை இந்த வருடம் ஓட்டிவிடலாம் என்று இழுப்பதில்தான் பெருவிரல் நகம் சதைக்குள் ஏறத் தொடங்குகிறது.

கால் நகத்தை விரல் நுனியின் வளைவுக்கு ஏற்ப ஓரத்தை உருட்டி வெட்டுவது எல்லோருக்கும் பழக்கம். அப்படி வெட்டும்போது ஓரத்தில் ஒரு சின்ன முள் மாதிரி நகம் உள்ளே தங்கிவிடும், அது வளர வளரச் சதையைக் குத்தும், சதை புண்ணாகி மேலே பொங்கும். நேராக வெட்டிவிட்டு ஓரத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். வலிக்கிறது என்று ஓரத்தைத் தோண்டித் தோண்டி இன்னும் உள்ளே வெட்டுகிறவர்களுக்குத்தான் இது திரும்பத் திரும்ப வருகிறது.

சர்க்கரை நோய் இருக்கிறவர்கள் இதில் எந்த வீட்டு வைத்தியத்துக்கும் நிற்க வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு வெந்நீரின் சூடே தெரியாது, வெந்துபோன பிறகுதான் கண்ணால் பார்ப்பார். நகச்சுத்தி அடிக்கடி வருகிறது, ஆறுவதற்கு நாளாகிறது என்றால் சர்க்கரையைப் பரிசோதித்துப் பார்ப்பதும் நல்லது. மற்றவர்களும், சிவப்பு விரலைத் தாண்டிக் கையில் கோடாக ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, அக்குளில் நெறி கட்டினாலோ, விரல் நுனிச் சதை முழுக்கக் கல் மாதிரி இறுகித் தெறித்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கூடாது. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் சாப்பிடுகிறவர்களுக்கும், சில புற்றுநோய் மருந்துகள் எடுப்பவர்களுக்கும் மருந்தாலேயே நகமடிப்பு புண்ணாகலாம், மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் கொடுத்த மருத்துவரிடமே சொல்லுங்கள். முள்ளோ துருப்பிடித்த கத்தரியோ ஏறியிருந்தால் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்று யோசித்துப் பாருங்கள். 1907-லிருந்து பாஸ்டியர் நிலையம் என்கிற தடுப்பூசி நிறுவனம் இருக்கிற குன்னூரிலேயே ஊசிக்குச் சோம்பல் படுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

இன்னொன்று, பொறுமை. புண் ஆறிவிட்டாலும் நகம் உடனே சரியாகாது. கைவிரல் நகம் மாதத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும், முழுதாகப் புது நகம் வர ஆறு மாதம், கால் பெருவிரலுக்கு ஒரு வருடத்துக்கு மேல். அம்மாவின் வலது கட்டைவிரலில் இருந்த மேட்டு வரியைப் போன கார்த்திகையிலிருந்து பார்த்துவருகிறேன், மாசியில் பாதி நகம் ஏறியிருந்தது, இப்போது வெள்ளை விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அடுத்த தடவை வெட்டும்போது போய்விடும்.